தேகப்பயிற்சி ஆசான் ஜோசப் பிலாட்டீஸ்

பெருநகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் பிலாட்டீஸ் என்னும் சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகின்றது. கடைத்தெருவின் மாடியில் அப்பெயர் தாங்கிய பலகை தொங்குகின்றது. இடுப்புவலிக்கு மருந்து தேடிய அண்டைவீட்டு அம்மையார் அங்கே சேர்ந்திருக்கின்றார். கல்லூரிப் பெண்ணோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு கூடத்திலேயே படுத்துக் கால்களை உயர்த்துகின்றாள். அச்சொல் ஒரு மனிதரின் பெயர் என்பதும், அவர் 1967 வரை நியூயார்க் நகரில் வாழ்ந்தவர் என்பதும் பலர் அறியாதன. அவருடைய வரலாற்றை அறிவோர்க்கு, விலையுயர்ந்த இயந்திரங்களைக் காட்டிலும் தரையில் விரித்த ஒரு பாய் இக்கலைக்கு எத்துணை இன்றியமையாதது என்பது தானே விளங்கும்.

ஜோசப் ஹூபர்ட்டஸ் பிலாட்டீஸ் 1883-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் ஜெர்மனி தேசத்தில் மொன்சென்கிளாட்பாக் என்னும் நெசவுத்தொழில் நகரில் பிறந்தார். தந்தையார் உலோக வேலை செய்பவர். உடற்பயிற்சியிலும் ஈடுபாடு உடையவர். பிள்ளையோ நோஞ்சான். ஆஸ்த்மா ஒருபுறம், எலும்பு வலுவிழக்கும் ரிக்கட்ஸ் ஒருபுறம், மூட்டுவாதக் காய்ச்சல் மற்றொருபுறம் என்று குழந்தைப் பருவமே நோய்ப் பருவமாயிற்று. போதாக்குறைக்கு, அவருடைய பெயரைக் கேட்ட பிள்ளைகள் ஏசுநாதரைச் சிலுவைக்கு ஒப்புவித்த பிலாத்து என்று எள்ளி நகையாடினர் என்பர். மெலிந்த உடலைத் தம் முயற்சியாலேயே திருத்திக்கொள்ள உறுதி பூண்ட அச்சிறுவர் ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை முதலியவற்றைப் பயின்று கட்டுடல் வாய்ந்த இளைஞரானார்.

முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர் அவர் இங்கிலாந்து சென்றார். அங்கே குத்துச்சண்டை வீரராகவும் சர்க்கஸ் கலைஞராகவும் பிழைப்பு நடந்தது. 1914-இல் போர் மூண்டதும் ஜெர்மானியர் யாவரும் பகை நாட்டினராயினர். பிலாட்டீஸ் முதலில் லங்காஸ்டரிலும், பின்னர் ஐல் ஆஃப் மேன் தீவிலுள்ள நாக்கலோ முகாமிலும் காவலில் வைக்கப்பட்டார்.

இந்த முகாமைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். ஏனெனில் இக்கலை உருப்பெற்ற இடம் இதுவே. 23,000-க்கு மேற்பட்ட ஆடவர் முள்வேலிக்குள் மரக்கொட்டகைகளில் அடைபட்டுக் கிடந்தனர். குற்றம் ஏதும் செய்யாதவர்கள். எனினும் விடுதலை எந்நாள் என்று அறியாதவர்கள். வேலையின்றி, தனிமையின்றி, நாளெல்லாம் ஒரே வேலியை நோக்கியிருந்தவர்களுக்கு ஒருவித மனச்சோர்வு கண்டது. அக்கால வைத்தியர்கள் அதனை முள்வேலி நோய் என்றே அழைத்தனர். இத்தகைய இடத்தில் ஒரு பயிற்சி ஆசானுக்குக் கிடைக்கக்கூடிய சாதனம் யாது? தரையன்றி வேறில்லை. படுத்தும் உட்கார்ந்தும் உருண்டும் செய்யத்தக்க பயிற்சிகளை வகுத்துத் தாமும் செய்து, உடனிருந்தோர்க்கும் கற்பித்தார். முகாமில் திரிந்த பூனைகள் உடலை நீட்டி வளைப்பதை உற்றுநோக்கியே அவர் பல அசைவுகளைக் கண்டார் என்று ஒரு கதை உண்டு. படுக்கையினின்று எழ இயலாத நோயாளிகளின் கட்டில்களில் ஸ்பிரிங்குகளை மாட்டி அவர்தம் கைகால்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது மற்றொரு செய்தி. பிற்காலத்து இயந்திரங்களின் வித்து அக்கட்டில்களே என்பர். ஆகவே இயந்திரம் முதலில் தோன்றியது நோயாளிக்குத் துணையாகவே என்பதை நாம் மறத்தல் ஆகாது.

1918-இல் பரவிய விஷ ஜுரத்திற்கு அவருடைய மாணவருள் ஒருவர்கூடப் பலியாகவில்லை என்றும் ஒரு பேச்சு வழங்குகின்றது. பயிற்சிக்கூடங்களில் இதனைப் பெருமையுடன் கூறுவர். கேட்க இனிதே, ஆயினும் ஆசானின் பெருமைக்கு இத்தகைய அற்புதங்கள் தேவையில்லை என்பது நம் கருத்து.

போர் முடிந்து ஜெர்மனிக்குத் திரும்பிய பிலாட்டீஸ், 1926-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கிளாரா என்னும் பெண்மணி அவருடைய வாழ்க்கைத் துணைவியானார். நியூயார்க்கில் எட்டாம் அவென்யூ 939-ஆம் எண் கட்டிடத்தில் இருவரும் பயிற்சிக்கூடம் அமைத்தனர். நடனக் கலைஞர்கள் அருகே வாழ்ந்தமையால், கணுக்காலும் முதுகும் நொந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக அங்கே வரலாயினர். ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரஹாம் போன்ற புகழ்பெற்ற நடன ஆசான்களும் அவருடைய திறத்தை அறிந்திருந்தனர். டெட் ஷான் நிறுவிய ஜேக்கப்ஸ் பில்லோ என்னும் நடனத் தலத்திலும் அவர் கோடைதோறும் பல ஆண்டுகள் கற்பித்தார். நம் பாலசரஸ்வதி அம்மையார் 1962-இல் பரதம் ஆடியதும் அத்தலத்திலேதான்.

தம் முறைக்கு அவர் சூட்டிய பெயர் கன்ட்ராலஜி. கட்டுப்பாட்டுக் கலை என்று நாம் கூறலாம். மனம் ஏவ, உடல் பிசகின்றி இயங்கவேண்டும் என்பது அதன் சாரம். 1945-இல் அவர் வெளியிட்ட நூலில் 34 பயிற்சிகள் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன. அவை அனைத்தும் பாயின்மீது செய்பவை. சறுக்குப் பலகையும் ஸ்பிரிங்குகளும் கொண்ட ரிஃபார்மர் முதலிய பல கருவிகளை ஆக்கியவரே, பொதுமக்களுக்கென எழுதுங்கால் ஒரு கருவியையும் கேட்கவில்லை என்பது கருதத்தக்கது.

அவற்றுள் முதலாவதன் பெயர் நூறு. மல்லாந்து படுத்து, தலையையும் தோள்களையும் சிறிது தூக்கி, நீட்டிய கால்களைத் தரையினின்று உயர்த்தி, கைகளைப் பக்கவாட்டில் மேலும் கீழுமாக அசைக்கவேண்டும். ஐந்து அசைவுக்கு மூச்சை இழுத்து, ஐந்து அசைவுக்கு விடவேண்டும். இவ்வாறு பத்து மூச்சில் நூறு அசைவு நிறைவுறும். படிக்கும்போது எளிது, செய்து பார்ப்பவர் முப்பதிலேயே வயிற்றுத் தசைகள் நடுங்குவதை உணர்வர். அடுத்தது, படுத்த நிலையினின்று முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகச் சுருட்டி எழுதல். கருவியில் இதனைச் செய்யுங்கால், கையில் பிடித்த ஸ்பிரிங் கம்பி உடலை மேலே தூக்க உதவும். பாயிலோ தூக்குவார் எவருமில்லை. வலுக்குறைந்த இடம் எதுவோ அங்கே உடல் வெட்டி இழுக்கும், அல்லது பாதங்கள் தரையை விட்டுக் கிளம்பும். கற்பவரின் குறையை இவ்வளவு நேர்மையாக எடுத்துக் காட்டும் பரீட்சை பிறிதில்லை.

கற்பிப்பவருக்கும் அதுவே பரீட்சை. பத்துப் பேர் பாய் விரித்துப் படுத்திருக்க, எவர் மூச்சை அடக்கிக்கொண்டார், எவர் தோள் காதை நோக்கி ஏறிற்று, எவர் இடுப்பு தரையினின்று கிளம்பிற்று என்பதை ஒரே பார்வையில் காணவேண்டும். கண்டதைச் சொல்லாலேயே திருத்தவேண்டும். ஒருவரை முழங்காலை மடக்கச் சொல்லவேண்டும். மற்றொருவரைத் தொடையின் பின்புறம் கையால் பற்றிக்கொள்ளச் சொல்லவேண்டும். தாமே நாள்தோறும் பாயில் படுத்துப் பழகாத ஆசிரியருக்கு இச்சொற்கள் வாய்ப்பது அரிது. ஸ்பிரிங்கின் கனத்தை மாற்றுவது ஒருவாரத்தில் கற்கலாம். கண்ணைப் பழக்குவதற்கு ஆண்டுகள் வேண்டும்.

கற்பவருக்குரிய நன்மை வேறொன்றும் உண்டு. மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டும் குடும்பங்கள் நம்முடையவை. புதிய ஊரில் பயிற்சிக்கூடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாயோ பெட்டியோடு வரும்.

இனி, எல்லார்க்கும் எல்லாம் பொருந்தாது என்பதையும் கூறவேண்டும். எலும்புத் தேய்வு உடையவர்கள் முதுகை வளைத்து உருளும் பயிற்சிகளைத் தவிர்த்தல் நன்று. கருவுற்ற மாதர் வைத்தியரைக் கேளாமல் இறங்கலாகாது. நாட்பட்ட இடுப்புவலியைப் பற்றி 2015-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வு, 510 பேரை உட்கொண்ட 10 சோதனைகளை ஆராய்ந்தது. பயிற்சியின்றி இருப்பதைவிட இப்பயிற்சி பயன் தரக்கூடும், ஆனால் மற்றப் பயிற்சிகளினும் இது மேலானது என்பதற்கு உறுதியான சான்றில்லை என்று முடிவு கூறிற்று. சர்வரோக நிவாரணி என்று விளம்பரம் செய்வோர் இதனைப் படித்தல் நலம்.

பிலாட்டீஸ் கண்டிப்பானவர், அதிகம் பேசாமல் கையால் அழுத்தித் திருத்துபவர். கிளாரா அம்மையாரோ பொறுமையே வடிவானவர். நோயுற்றோர்க்கும் முதியோர்க்கும் ஏற்றவாறு ஒவ்வோர் அசைவையும் இளக்கித் தந்தவர் அவரே என்று அவ்விருவரிடமும் பயின்றோர் கூறியுள்ளனர். இன்று ஆசிரியர்கள் பயன்படுத்தும் எளிய வடிவங்கள் பலவற்றில் அவ்வம்மையாரின் வழியைக் காணலாம். புகழ் முழுவதும் கணவருக்கே சேர்ந்தது.

தம் முறையைப் பள்ளிகளும் மருத்துவ உலகமும் ஏற்கவேண்டும் என்று அவர் வாழ்நாள் முழுதும் விழைந்தார். அது நிறைவேறவில்லை. அந்த ஏக்கத்துடனேயே 1967 அக்டோபர் 9-ஆம் நாள், 83-ஆம் வயதில் காலமானார். தமக்குப்பின் இன்னார் என்று எவரையும் அவர் நியமிக்கவில்லை. கிளாரா அம்மையார் சில ஆண்டுகள் கூடத்தை நடத்தினார். பின்னர் அது மாணவி ரொமானா கிரிசனோவ்ஸ்காவின் பொறுப்பில் வந்தது. அம்மையார் 1977-இல் மறைந்தார். மற்ற மாணவர்கள் ஆங்காங்கே தம் தம் வழியில் கற்பிக்கத் தொடங்கினர்.

பிலாட்டீஸ் என்னும் பெயர் தமக்கே உரியது என்று ஒரு நிறுவனம் வழக்காடிற்று. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்க மறுத்தது. அந்நாள் தொட்டு அமெரிக்காவில் அப்பெயர், யோகம், கராத்தே என்பன போல, எவரும் வழங்கத்தக்க பொதுச்சொல்லாயிற்று.