ரோமாபுரியின் நாவலர் சிசரோ

இத்தாலியில் அர்பினம் என்ற சிற்றூரில் கி.மு. 106-ல் பிறந்தவர் சிசரோ. வசதியான குடும்பம்தான். ஆனால் அந்தக் குடும்பத்தில் யாரும் ரோமாபுரியில் பெரிய பதவி வகித்தது இல்லை.

அன்று ரோமில் மன்னராட்சி கிடையாது. அதிகாரிகளை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். பரம்பரைப் பெருமையும் படைபலமும் இல்லாதவர் முன்னுக்கு வரப் பேச்சுத்தான் வழி. சிசரோ வக்கீல் ஆனார்.

சிசிலி வழக்கு

சிசிலித் தீவில் 3 ஆண்டுகள் கவர்னராக இருந்தவன் வெர்ரெஸ். விவசாயிகளின் தானியத்தையும் கோயில் சிலைகளையும் வாரிச் சுருட்டினான். தீவு மக்கள் சிசரோவிடம் முறையிட்டார்கள். கி.மு. 70-ல் வழக்கு நடந்தது.

வெர்ரெசுக்கு வாதாடியவர் ரோமின் பிரபல வக்கீல் ஹார்டென்சியஸ். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் செனட் சபை உறுப்பினர்கள். வெர்ரெசும் அந்தச் சபையைச் சேர்ந்தவனே. ரோமின் மிக உயர்ந்த பதவியான 'கான்சல்' பதவியை அடுத்த ஆண்டு ஹார்டென்சியஸ் ஏற்க இருந்தார். அதுவரை வழக்கை இழுத்தடித்தால் தப்பிவிடலாம் என்று வெர்ரெஸ் கணக்குப் போட்டான்.

சிசரோ சிசிலி முழுவதும் அலைந்து, 50 நாளில் சாட்சிகளையும் கணக்கேடுகளையும் திரட்டினார். கோர்ட்டில் சுருக்கமாகப் பேசிவிட்டு, சாட்சிகளை வரிசையாக நிறுத்தினார். தீர்ப்புக்கு முன்பே வெர்ரெஸ் ரோமை விட்டு ஓடினான்.

கோர்ட்டில் பேசாமல் விட்டதை சிசரோ எழுதி வெளியிட்டார். ரோமக் குடிமகன் என்று கதறிய ஒருவனை வெர்ரெஸ் சிலுவையில் அறைந்ததை அதில் கடுமையாகச் சாடினார்.

விசாரணை இல்லாத தண்டனை

கி.மு. 63-ல் சிசரோவே கான்சல் ஆனார். ஆட்சியைக் கவிழ்க்கக் கட்டிலின் என்ற பிரபு சதி செய்தான். அவன் செனட்டில் உட்கார்ந்திருக்கும்போதே சிசரோ சதியை அம்பலப்படுத்தினார். கட்டிலின் நகரை விட்டு வெளியேறினான்.

பிறகு அவனுடைய கூட்டாளிகள் 5 பேர் பிடிபட்டனர். மரண தண்டனை வேண்டாம் என்று ஜூலியஸ் சீசர் செனட்டில் வாதாடினார். சிசரோவின் பேச்சு மரண தண்டனைப் பக்கம் சாய்ந்தது. கேட்டோ அதை ஆதரித்து அடித்துப் பேசினார். சபையும் இணங்கியது. அன்றே, கோர்ட் விசாரணை இல்லாமல், 5 பேரும் சிறையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார்கள்.

நாட்டைக் காத்தவர் என்று சிசரோ பாராட்டப்பட்டார். ஆனால் வெர்ரெஸ் மீது அவர் சொன்ன குற்றம் அவர் மீதே திரும்பியது. குடிமக்களை விசாரிக்காமல் கொன்றவரை நாடு கடத்தக் கி.மு. 58-ல் சட்டம் வந்தது. சிசரோ வெளியேறினார். அவர் வீடு இடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மக்களே ஓட்டுப் போட்டு அவரைத் திரும்ப அழைத்தார்கள்.

பேசிய மேடையில் தலை

கி.மு. 44-ல் சீசர் கொலையுண்ட பிறகு மார்க் ஆண்டனியின் கை ஓங்கியது. 60 வயதைத் தாண்டிய சிசரோ, பேச்சாகவும் எழுத்தாகவும் 14 சொற்பொழிவுகளால் அவரை எதிர்த்தார். ஆண்டனியும் ஆக்டேவியனும் கைகோத்ததும், கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியல் தயாரானது. அதில் சிசரோவின் பெயரும் இருந்தது. அவருக்கும் விசாரணை இல்லை. கி.மு. 43 டிசம்பர் 7-ந்தேதி அவர் கொல்லப்பட்டார். அவர் பேசிய அதே மேடையில் அவர் தலையை மாட்டி வைத்தார்கள்.

சட்டத்தின் துணைக்கு நின்றபோது சிசரோவின் பேச்சு ஒரு தீவு மக்களுக்கு நியாயம் தேடித் தந்தது. சட்டத்தைத் தாண்டியபோது அதே பேச்சு 5 உயிர்களை வாங்கியது. அவருக்கு அந்தச் சட்டம் தேவைப்பட்ட நாளில், அதை மதிக்க ரோமில் ஆள் இல்லை.