கொடுமுடி கோகிலம்

எத்தனை முறை கேட்பினும் எமக்குத் தெவிட்டாத குரல் கே. பி. சுந்தராம்பாள் அம்மையாருடையது. இவர் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு வறிய குடும்பத்திற் பிறந்தார். இரயில் வண்டியிற் பாடிப் பொருள் பெற்ற சிறுமி, அக்குரல் வளத்தாலேயே நாடக மேடை ஏறினார் என்பர். 1926-இல் இலங்கையில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் நடிக்கத் தொடங்கினார். மறு ஆண்டில் இருவரும் மணம் புரிந்தனர். ‘வள்ளி திருமண’த்தில் இவர்கள் எதிர்நின்று பாடுவதைக் கேட்க மக்கள் திரண்டனர்.

1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தார். அம்மையாருக்கு அப்பொழுது வயது 25. அன்றுமுதல் வெள்ளாடை உடுத்தார். எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லையெனவும் உறுதி பூண்டார்.

காதலி வேடத்தை விட்டாரேயன்றிப் பாட்டை அவர் விட்டாரல்லர். 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேடந் தாங்கி நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். 1940-இல் துறவு பூண்ட மணிமேகலையானார், 1953-இல் ஔவையாரானார். 1965-இல் ‘திருவிளையாட’லில் மீண்டும் ஔவையாராகி, சினந்து பழனிமலை ஏறிய முருகனை நோக்கிப் பாடினார்.

அவர் பாடியவற்றுள் எம் உள்ளத்திற்கு மிக உகந்தவை ஔவை வேடத்துப் பாடல்களே. குரல் உச்சத்தை எட்டும்பொழுதும் ஓர் எழுத்தேனும் சிதைவதில்லை. தமிழ் பயில்வோர்க்கு அதுவே ஒரு பாடம். அப்பாடல்களிலுள்ள கனிவை முதுமையின் கனிவு என்பாருண்டு. 25 வயதிலேயே இளமை வேடங்களைத் துறந்தவரின் கனிவென்றே யாம் கருதுகின்றோம். 1980-இல் அம்மையார் மறைந்தார். அக்குரலோ இன்றும் இசைத்தட்டுக்களில் ஒலிக்கின்றது.