கொள்ளிடம் முதல் கோதாவரி வரை

காவிரியும் கோதாவரியும் ஒரே வங்கக் கடலில் கலக்கின்றன. இரண்டும் வண்டலைச் சுமந்து வந்து அகன்ற டெல்டாச் சமவெளிகளைப் படைத்தவை. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காவிரி பாயும் தஞ்சை, சென்னை மாகாணத்தின் நெற்களஞ்சியமாகத் திகழ்ந்தது. அதைவிடப் பன்மடங்கு நீரைக் கொண்டு செல்லும் கோதாவரியின் கரையிலோ, மக்கள் பசியால் மடிந்தனர். ஒரே மாகாணத்தின் இரு பகுதிகளுக்கிடையே இத்துணை வேறுபாடு ஏன்? இவ்வினாவிற்கு விடை தேடுவதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் ஆர்தர் தாமஸ் காட்டன்.

இங்கிலாந்தில் 1803ஆம் ஆண்டு பிறந்த காட்டன், கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பள்ளியில் பயின்று, 1821இல் சென்னைப் பொறியாளர் படைப்பிரிவின் இளம் அலுவலராக இந்தியா வந்தார். பர்மியப் போரிலும் பணியாற்றினார். பின்னர்க் காவிரிப் பாசனப் பகுதியின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அக்காலத்தில் தஞ்சையின் வளமும் தேயத் தொடங்கியிருந்தது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளையான கொள்ளிடம் தாழ்ந்த படுகையும் மிகுந்த சரிவும் உடையது. ஆகவே, நீர் அவ்வழியே விரைந்தோட, காவிரியின் படுகையோ மணல் மேடிட்டது. கால்வாய்கள் வறண்டன, வயல்கள் தரிசாயின. இதற்குத் தீர்வு காண முற்பட்ட காட்டன், பாறை எட்டாத ஆற்றுமணலில் அணை எழுப்புவது எங்ஙனம் என்னும் சிக்கலை எதிர்கொண்டார். அதற்கான விடை அவர் கண்முன்னேயே இருந்தது. மணலில் பெருங்கற்களை இட்டு, அவை அமிழ அமிழ மேலும் அடுக்கி, களிமண் கொண்டு பிணைத்து எழுப்பப்பட்ட கல்லணை, பல நூற்றாண்டுகளாக வெள்ளத்தைத் தாங்கி நின்றது. அதன் அடித்தளத்தை ஆராய்ந்து கற்ற பாடத்தைத் தம் எழுத்துகளில் அவர் மறைக்காமல் பதிவுசெய்தார். ஆளும் இனத்தைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், ஆளப்படும் மக்களின் முன்னோரைத் தம் ஆசான்களாக ஏற்றுக்கொண்டது அந்நாளில் அரிது.

1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையும், கிழக்கே அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. தஞ்சை மீண்டும் செழித்தது. கம்பெனியின் நிலவரியும் பெருகியது. அணைக்குச் செலவிடும் பணம் வீணன்று, வருவாயாகத் திரும்பி வரும் என்னும் வாதத்திற்கு இதுவே அவருடைய முதற்சான்று. வருவாயைக் காட்டாமல் கம்பெனியிடம் ஒரு காசும் பெற இயலாது என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

கோதாவரிக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. 1832–33இல் கிருஷ்ணை, கோதாவரிக் கடலோர மாவட்டங்களைக் கொடும்பஞ்சம் தாக்கியது. குண்டூர்ப் பகுதியின் ஐந்து இலட்சம் மக்களில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. 1839இல் புயலும் கடற்பெருக்கும் கோரிங்காத் துறைமுகத்தைச் சூறையாடின. 1821இல் ஏழு இலட்சத்தைத் தாண்டியிருந்த ராஜமுந்திரி மாவட்டத்தின் மக்கள்தொகை, 1841இல் ஆறு இலட்சத்திற்கும் கீழே சரிந்தது. மழைக்காலத்தில் கரைபுரளும் பேராறு கண்ணெதிரே கடலில் கலந்துகொண்டிருக்க, அதன் கரையிலேயே பஞ்சம் நிலவியது.

ராஜமுந்திரியை ஆய்ந்த காட்டன், அந்நிலத்தைத் தஞ்சையோடு ஒப்பிட்டார். மண்ணின் தரத்தில் குறையில்லை. நீரின் அளவிலும் குறையில்லை. நீரைத் தேக்கி உயர்த்தி வயல்களுக்குப் பகிர்ந்தளிக்கும் அமைப்புதான் அங்கு இல்லை. இக்கருத்தை அடிப்படையாகக் கொண்ட அவரது திட்டத்திற்கு அரசு தயங்கித் தயங்கியே இசைவளித்தது. அவர் கேட்ட பொறியாளர் எண்ணிக்கையில் சிறு பகுதியே கிடைத்தது.

1847இல் தவளேசுவரத்தில் பணி தொடங்கியது. அங்கே ஆறு, தீவுகளால் பிரிக்கப்பட்ட நான்கு கிளைகளாக அகன்று கிடக்கிறது. அருகிலிருந்த குன்றை உடைத்து, தண்டவாளத்தில் வண்டிகளை ஓட்டிக் கற்களைக் கரைக்குக் கொணர்ந்தனர். ஆயிரக்கணக்கான உழைப்பாளிகள் கோடை வெயிலில் ஆற்றுமணலில் பாடுபட்டனர். அவர்களைத் திரட்டி வழிநடத்துவதில் வீணம் வீரண்ணா என்னும் உள்ளூர் அலுவலர் காட்டனுக்கு உறுதுணையாக விளங்கினார். அணையைப் பற்றிப் பேசுவோர் பலரும் அவரை மறந்துவிடுவது வருந்தத்தக்கது. வெயிலும் வேலைப்பளுவும் காட்டனின் உடல்நலத்தைக் குலைத்தன. 1848இல் ஓய்வுக்காக ஆஸ்திரேலியா சென்ற அவர், 1850இல் திரும்பி வந்து பணியைத் தொடர்ந்தார். 1852இல் அணை நிறைவுற்றது. கன்னாவரத்தில் ஆற்றுக்கிளை ஒன்றின் மேலே வளைவுகளால் ஆன நீர்ப்பாலம் அமைத்து, நாகரம் தீவிற்கும் கால்வாய் நீர் கொண்டு செல்லப்பட்டது. அக்கால்வாய்களில் படகுகளும் ஓடின. விளைந்த நெல் குறைந்த செலவில் துறைமுகம் சேர்ந்தது. ஒரு தலைமுறைக்குள் கோதாவரிப் பகுதி தஞ்சைக்கு நிகராகப் பேசப்படும் நிலையை எய்தியது.

1861இல் 'சர்' பட்டம் பெற்ற காட்டன், இதே முறையை வறண்ட உள்நாட்டுப் பகுதிகளுக்கும் விரிவாக்க விரும்பினார். துங்கபத்திரையில் சுங்கேசுலாவிலிருந்து கர்னூல், கடப்பாப் பகுதிகளுக்குக் கால்வாய் வெட்டும் திட்டம், தனியார் நிறுவனம் ஒன்றின் வழியே தொடங்கப்பட்டது. ஆனால் அந்நிலம் டெல்டா அன்று. மேடும் பள்ளமுமான நிலத்தில் கால்வாய் வெட்டும் செலவு மதிப்பீட்டை மிஞ்சியது. அங்குள்ள கரிசல் மண், நல்ல மழை பெய்யும் ஆண்டுகளில் சோளமும் பருத்தியும் விளைவிக்கக் கால்வாய் நீரை வேண்டவில்லை. எனவே, நீர்வரி செலுத்த உழவர்கள் முன்வரவில்லை. நிறுவனம் நட்டத்தில் மூழ்கியது. 1882இல் அரசே அதனை விலைக்கு வாங்கியது. ஓரிடத்தில் கண்ட வெற்றி எல்லா இடத்துக்கும் பொருந்தும் எனக் கருதியதே காட்டனின் பிழை என்று தோன்றுகிறது.

அதன் விளைவு 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் வெளிப்பட்டது. கோதாவரி, கிருஷ்ணை டெல்டாக்கள் தம் பசி தீர்த்ததோடு வெளியிடங்களுக்கும் தானியம் அனுப்பின. பெல்லாரி, கர்னூல், கடப்பா மாவட்டங்களிலோ மக்கள் கூட்டங்கூட்டமாக மாண்டனர். அரை நூற்றாண்டுக்கு முன் தஞ்சைக்கும் கோதாவரிக்கும் இடையே நிலவிய இடைவெளி, இப்போது கடலோர டெல்டாவிற்கும் உள்நாட்டு மேட்டுநிலத்திற்கும் இடையே இடம்பெயர்ந்து நின்றது.

1878இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின்முன் காட்டன் சான்றளித்தார். இருப்புப்பாதைக்குச் செலவிடும் பெருந்தொகையில் ஒரு பங்கையேனும் நீர்வழிகளுக்கு ஒதுக்க வேண்டும் என வாதிட்டார். குழு அவர் கருத்தை ஏற்கவில்லை. கர்னூல் கால்வாயின் நட்டமே அவருக்கு எதிரான சான்றாக எடுத்துக்காட்டப்பட்டது.

முதுமையில் டார்க்கிங் நகரில் தங்கி, நிலத்தை ஆழக் கொத்திப் பயிரிட்டால் கோதுமை விளைச்சல் எவ்வளவு பெருகும் என்று ஆராய்ந்துவந்த காட்டன், 1899ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், தம் தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார். கோதாவரி டெல்டாவின் ஊர்களில் இன்றும் அவருக்குச் சிலைகள் நிற்கின்றன. பழைய அணைக்கு மாற்றாக 1982இல் நிறைவுற்ற புதிய அணைக்கட்டு அவர் பெயரையே தாங்குகிறது. நட்டக்கணக்கில் எழுதப்பட்ட சுங்கேசுலாக் கால்வாயும் அழிந்துவிடவில்லை. கர்னூல், கடப்பா வயல்களுக்கு இன்றும் அது நீர் கொண்டு செல்கிறது.