வெண்பஞ்சுப் பூச்சியும் டாக்டர் ஆண்டர்சனும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் வழியில், வேலியோரங்களில் சப்பாத்திக்கள்ளி வளர்ந்திருப்பதைத் தோழியர் பலரும் பார்த்திருப்பீர்கள். அதன் சிவந்த பழத்தை, முள்ளை மண்ணில் தேய்த்து நீக்கி உண்டவர்களும் நம்மில் உண்டு. அப்படிப் பழம் பறிக்கப் போன ஒரு நாள், பழத்தின் மீதும் மடலின் மீதும் வெண்பஞ்சு ஒட்டியிருக்கக் கண்டோம். பூஞ்சை என்றாள் ஒருத்தி. சிலந்தி முட்டை என்றாள் மற்றொருத்தி. குச்சியால் நசுக்கியதும் இரத்தம் போலச் சாறு வழிந்தது. பஞ்சுக்குள் இருந்தது ஒரு பூச்சி! அதன் பெயரைத் தேடப் போன நமக்கு ஒரு பெரியவரின் வரலாறு கிடைத்தது.

அவர் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1738-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்து, மருத்துவத் துறையின் தலைமைப் பதவி வரை உயர்ந்தார். நோயாளிகளைக் கவனித்த நேரம் போக, மீதி நேரமெல்லாம் செடிகொடிகளுக்கே. பட்டுப்புழு வளர்ப்புக்காக முசுக்கொட்டைச் செடிகளை இங்கே பரப்பப் பெரிதும் பாடுபட்டார்.

1786-இல் சென்னைக் கடற்கரைப் புல்லில் வெண்ணிறப் பூச்சிகளை அவர் கண்டார். நசுக்கினால் சிவப்பு! அவர் உள்ளம் துள்ளியது. காரணம் உண்டு. மெக்சிகோவில் கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சியிலிருந்தே அந்நாளில் உயர்ந்த செஞ்சாயம் கிடைத்தது. ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ 70,000 உலர்ந்த பூச்சிகள் வேண்டும். அவ்வாணிபம் முழுவதும் ஸ்பெயின் நாட்டின் கையில் இருந்தது. அந்தச் செல்வம் சென்னையிலேயே இருக்கிறது என்று எண்ணிய ஆண்டர்சன், இலண்டனில் இருந்த அறிஞர் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார், பூச்சிகளையும் அனுப்பினார். ஆராய்ந்து பார்த்ததில், அது கொச்சினீல் அன்று, சாயத்துக்கு உதவாத வேறோர் இனம் என்று தெரியவந்தது.

வேறொருவராயின் மனம் சோர்ந்திருப்பார். ஆண்டர்சனோ, மெய்யான பூச்சி ஒரு நாள் வந்தால் அதற்கு உணவு வேண்டுமே என்று, கியூ தோட்டத்திலிருந்து வந்த கள்ளிகளைச் சைதாப்பேட்டையில் வளர்க்க ஏற்பாடு செய்தார். அதை மேற்பார்த்தவர் அவருடைய உறவினரான டாக்டர் ஆண்ட்ரூ பெர்ரி. ஆனால் மெய்யான பூச்சி வந்து சேரவில்லை. 1795-இல் பிரேசிலிலிருந்து கேப்டன் நீல்சன் என்பவர் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்ததும் தரம் குறைந்த காட்டினமே. 1809-இல் ஆண்டர்சன் சென்னையிலேயே காலமானார். சிற்பி சாண்ட்ரி செதுக்கிய அவர் சிலையைச் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் இன்றும் காணலாம்.

கதை அத்துடன் முடியவில்லை. சாயத்துக்கு உதவாத அந்தப் பிரேசில் பூச்சி ஒருவகைக் கள்ளியை அடியோடு தின்று தீர்த்தது. அதைக் கண்டு, 1836-க்கும் 1838-க்கும் இடையில் கள்ளியை ஒழிப்பதற்கென்றே அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். ஆனால் நம் பக்கத்து வயல்வெளிகளை அடைத்திருந்த சப்பாத்தியை அது தொடவில்லை. அதற்கென 1926-இல் இலங்கையிலிருந்து வேறோர் இனம் வரவழைக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே பெரும் பரப்பு நிலங்கள் உழவருக்கு மீண்டும் கிடைத்தன.

திண்டிவனம் சாலையில் நாம் கண்டது பெரும்பாலும் அந்த 1926-ஆம் ஆண்டு விருந்தாளியின் வழித்தோன்றலே. ஏனெனில் அது இருந்தது அவ்வினம் விரும்பி உண்ணும் சப்பாத்தியின் மேல். ஆயினும் வெண்பஞ்சும் செஞ்சாறும் மட்டும் ஒரு பூச்சிக்குப் பெயர் சூட்டப் போதா. ஆண்டர்சன் இடறியது அங்கேதான். அவர் உயர்ந்ததும் அங்கேதான்: தாம் கண்டதை ஒளிக்காமல், தம்மினும் அறிந்தவர் பார்வைக்கு அனுப்பினார், தவறு என்றறிந்த பின்னும் தேடலை நிறுத்தவில்லை.

ஆகவே, தோழியரே, நம் ஏட்டில் அப்பூச்சியின் பெயரை இப்போதைக்குப் பென்சிலால்தான் எழுதியிருக்கிறோம். வல்லுநர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகு மையால் எழுதுவோம்!