கல்லில் வரலாறு கண்ட வால்காட்

சார்லஸ் டூலிட்டில் வால்காட் 1850ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டு நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். இரண்டு வயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பை அவர் முற்றாக முடித்தாரில்லை. ஆயினும், கற்பாறைகளையே ஏடுகளாகக் கொண்டு பயின்று, தொல்லுயிர் ஆய்வில் தலைசிறந்து விளங்கினார்.

இளமையில் பண்ணையொன்றில் உழைத்துக்கொண்டே, பாறைகளில் பதிந்த தொல்லுயிர்ச் சின்னங்களைத் திரட்டினார். 1873இல் அத்தொகுப்பைப் பேரறிஞர் அகாசி விலைக்குப் பெற்றார். அவரிடமே பயில விழைந்தார் வால்காட். அவ்வாண்டு முடியுமுன்னரே அகாசி மறைந்தார். வால்காட் மனந்தளரவில்லை. 1879இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, 1894இல் அதன் தலைவராக உயர்ந்தார்.

ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது கேம்பிரியன் காலம். அக்காலப் பாறைகளின் அடுக்கு முறையை வால்காட் முதலில் பிறழ உணர்ந்திருந்தார். 1888இல் நியூபவுண்ட்லாந்துத் தீவுக்குச் சென்று நேரிற் கண்டதும், தாம் முன்னர் எழுதியதைத் தாமே திருத்தினார். தம் சொல்லினும் உண்மையே பெரிதென்று அவர் கருதினார்.

அத்தீவின் தொன்மையான பாறைகளில், வளைந்த சிறு ஓட்டுப்பொருள் ஒன்று கிடைத்தது. அதனைத் தனியோர் உயிரெனக் கருதி, எலினியா எனப் பெயரிட்டார். பின்வந்தோரோ, அது கூம்பு வடிவ ஓடுடைய ஐயோலித்து என்னும் உயிரின் ஓர் உறுப்பே எனக் கண்டனர். அவ்வுயிர் எவ்வினத்தைச் சார்ந்தது? நத்தை முதலிய மெல்லுடலிகளின் இனம் என்றே பலர் நெடுங்காலம் எண்ணினர்.

1909இல் கனடா நாட்டு மலைச்சரிவொன்றில், மெல்லிய உடலுறுப்புகளும் பதிந்த பாறைகளை வால்காட் கண்டறிந்தார். அவர் திரட்டிய சின்னங்கள் ஏறத்தாழ 65,000. 1912இல் பிராக்கியோபாடு என்னும் ஈரோட்டு உயிர்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றையும் வெளியிட்டார். 1927இல் மறைந்தார்.

அம்மலைப் பாறைகளிற் கிடைத்த ஐயோலித்துகளை 2017இல் ஆய்ந்த அறிஞர், அவற்றின் வாயைச் சூழ்ந்து உணவு திரட்டும் மென்கைகள் இருந்ததைக் கண்டனர். ஆதலின் அவை பிராக்கியோபாடுகளுக்கு உறவானவை என முடிவு செய்தனர். வால்காட் தனித்தனியே ஆராய்ந்த இரண்டும் இவ்வாறு உறவு பூண்டன. அவர் இட்ட எலினியா என்னும் பெயரோ அழியவில்லை. அவ்வளைந்த உறுப்பை அறிஞர் இன்றும் எலன் என்றே வழங்குகின்றனர்.

அறிவு ஒருவரோடு முடிவதன்று. ஒருவர் தேடி வைத்ததை மற்றொருவர் திருத்தி வளர்க்கின்றார். பிழை நேர்வது இழுக்கன்று. உண்மை கண்டபின் திருந்த மறுப்பதே இழுக்காகும்.