நைட்டிங்கேல் அம்மையாரும் படை வைத்தியரும்

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரைக் கேளாதார் நம்முள் அரியர். நள்ளிரவில் கையில் விளக்கேந்தி நோயாளரிடையே உலாவிய உருவமே யாவர் மனத்திலும் பதிந்து கிடக்கின்றது. அவ்விளக்கெரிந்த கூடத்தினுள் அடியெடுத்து வைப்பதற்கே அவர் எத்துணை அவமதிப்பைப் பொறுக்க நேர்ந்தது என்பதைப் பலர் அறியார். அதனையே ஈண்டுச் சிறிது விரித்துரைப்பாம்.

இவர் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி, இத்தாலி தேசத்துப் பிளாரன்ஸ் நகரில், செல்வம் மலிந்த ஆங்கிலக் குடும்பமொன்றில் பிறந்தார். 1845-ல் ஸாலிஸ்பரி நகர வைத்தியசாலையில் தாதித்தொழில் பயில விரும்பியபோது பெற்றோர் பெரிதும் வெகுண்டு தடுத்தனர். அக்காலத்துத் தாதியர் குடிப்பழக்கத்திற்குப் பேர்போனவராதலின், அவரை நோவதற்கில்லை. பின்னர் 1851-ல் ஜெர்மனி தேசத்துக் கைஸர்ஸ்வெர்த் என்னுமிடத்தில் ஏறக்குறைய மூன்று மாதம் பயின்று, 1853-ல் லண்டன் ஹார்லி வீதியில், நோயுற்ற சீமாட்டிகளுக்கென அமைந்த நிலையமொன்றின் தலைவியாயினார்.

1854-ல் ருஷியாவோடு போர் மூண்டது. காயமுற்ற ஆங்கிலப் போர்வீரர் கேட்பாரற்று மடிகின்றனர் என்னும் செய்தி பத்திரிகை வாயிலாக இங்கிலாந்திற்கு எட்டவே, யுத்த மந்திரியாயிருந்த ஸிட்னி ஹெர்பர்ட் துரை அம்மையாரைத் துணைக்கழைத்தார். 38 மாதரை உடன்கொண்டு, அவ்வாண்டு நவம்பர் மாதம் 4-ஆம் தேதி, கான்ஸ்டாண்டிநோபிளுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்கூட்டாரியை அவர் அடைந்தார்.

ஆங்கே படை வைத்தியர் இவர்களை வெறுப்புடனேயே நோக்கினர். இத்தனை பெண்களுக்கும் சில சிற்றறைகளே ஒதுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில் இறந்துபோன ருஷியச் சேனாபதி ஒருவருடைய உடல் இன்னும் அகற்றப்படாது கிடந்ததென்பர். கூடங்களில் இவர்களைப் பணிகொள்ள வைத்தியர் பெரும்பாலார் இசைந்திலர். அவர்தம் அச்சம் முற்றும் பொய்யென்றும் சொல்லல் ஆகாது. மந்திரிக்கு நெருங்கிய நண்பரான ஒரு பெண்மணி தம் குறைகளை அவருக்கு எழுதியனுப்புவாள் என அவர்கள் ஐயுற்றனர். அம்மையாரும் அவ்வாறே எழுதிவந்தார்.

நிற்க, அம்மையார் செய்ததுதான் வியக்கற்பாலது. மந்திரியின் ஆணையைக் காட்டி உள்ளே புகுந்திருக்கலாம். அவர் அங்ஙனம் புகுந்திலர். வைத்தியர் தாமே அழைத்தாலன்றி எந்தத் தாதியும் நோயாளரை அணுகலாகாதென்று தம்மவர்க்குக் கண்டிப்பான கட்டளையிட்டார். புண்பட்டோரின் கூக்குரல் அருகே ஒலிக்க, இவர்கள் அறையிலமர்ந்து கட்டுத்துணியும் சட்டையும் தலையணையும் தைத்துக்கொண்டிருந்தனர். தொண்டு செய்யவென்றே கடல் கடந்துவந்த மாதர்க்கு இது பெருங்கொடுமையாகத் தோன்றிற்று, சிலர் முணுமுணுத்தனர். தலைவியைக் கல்நெஞ்சினர் என்று எண்ணினாருமுளர். அவரோ அசைந்திலர்.

சில நாட்களுக்குள், நவம்பர் 5-ஆம் தேதி நிகழ்ந்த இங்கெர்மன் போரில் காயமுற்றோரும் பிற நோயாளரும் கப்பல் கப்பலாக வந்து குவிந்தனர். படுக்கையில்லை, துணியில்லை, கையுமில்லை. அப்பொழுது வைத்தியரே அம்மையாரை நாடி வந்தனர்.

உள்ளே சென்றபின்னும் அவர் அந்நெறியை விட்டிலர். வைத்தியர் எழுத்து மூலமாகக் கேட்டாலன்றித் தம் பண்டகசாலையிலிருந்து ஒரு பொருளும் வழங்கார். அவர் குறித்த உணவன்றி வேறெதுவும் நோயாளர்க்குக் கொடுக்க விடார். ஆனால் அச்சாலையில் நிறைந்திருந்த பொருள்கள், டைம்ஸ் பத்திரிகை திரட்டிய நிதியாலும் சொந்தப் பணத்தாலும் அவர் வாங்கியவை. அரசாங்கக் கிடங்கு விதிகளால் பூட்டிக் கிடக்க, சட்டையும் தட்டும் கரண்டியும் வேண்டிய வைத்தியர் கையொப்பமிட்ட சீட்டோடு இவரிடமே வரவேண்டியதாயிற்று. பணிவு போலத் தோன்றிய இதனுள் எத்துணை ஆற்றல் மறைந்திருந்தது, பாருங்கள்!

எல்லோரும் வசப்பட்டாரல்லர். படையின் தலைமை வைத்தியரான ஜான் ஹால் என்பார், ஸ்கூட்டாரி வைத்தியசாலை செவ்வனே நடைபெறுவதாக முன்னரே அறிக்கை அனுப்பியிருந்தவர். அம்மையாரின் அதிகாரம் துருக்கி நாட்டளவிலேயே செல்லுமென்றும், கிரிமியாவில் செல்லாதென்றும் அவர் வாதித்தார். 1856-ல் அம்மையாரும் தாதியரும் கிரிமியாவில் பணிபுரிகையில் பத்து நாள்வரை உணவுப்படி வழங்கப்படாமல் போயிற்று. அம்மையார் தம் கைப்பொருளால் அவர்களைப் போஷித்தார். நடந்தவற்றை நாளும் கணக்குமாக எழுதி மேலிடத்திற்கு விடுத்தார். அவ்வாண்டு மார்ச் மாதம், போர்க்களத்து வைத்தியசாலைகளிலுள்ள தாதியர் யாவர்க்கும் அவரே தலைவியென்று படையாணை பிறந்தது. ஹாலுக்குப் பின்னர் அரசாங்கம் பட்டமளித்தபோது, அது கிரிமியாவின் இடுகாடுகளுக்காக அளித்த பட்டம் போலும் என்று அம்மையார் ஹெர்பர்ட் துரைக்குக் கசப்போடு எழுதினார். அவரும் மனிதப்பிறவியே!

ஸ்கூட்டாரியில் 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 அளவாகக் குறைந்தது. அதற்குத் தாதியரின் தொண்டைவிட, மார்ச் மாதம் வந்த சுகாதாரக் கமிஷனர் சாக்கடைகளைத் துப்புரவாக்கியதே முதன்மைக் காரணம் என்று இன்று ஆராய்ந்தோர் கொள்வர். அம்மையாரும் பிற்காலத்தில் துப்புரவையே தலையாகப் போற்றினார்.

இங்கிலாந்திலும் எதிர்ப்பு ஓய்ந்திலது. தாதியர்க்குப் பெரும்பயிற்சி வேண்டுவதில்லை, அவர்கள் வீட்டு வேலைக்காரிகளை ஒத்தவரே என்னும் கருத்தை, லண்டன் செயின்ட் தாமஸ் வைத்தியசாலையின் மூத்த ரண வைத்தியரான ஜான் பிளின்ட் ஸவுத் 1857-ல் நூலாகவே வெளியிட்டார். அம்மையார் தம் பெயரால் திரண்ட நிதியைக்கொண்டு, 1860-ல், அதே வைத்தியசாலையில் 15 மாணவியரோடு தாதியர் கல்விச்சாலை தொடங்குவித்தார். சிகிச்சையைப் பற்றிய மட்டில் வைத்தியர் சொற்படி நடத்தல் வேண்டும். ஒழுங்கும் கண்டனையும் பெண்ணாகிய தலைமைத் தாதியின் கையிலேயே இருத்தல் வேண்டும் என்பது அவர் விடாப்பிடியாகக் கொண்ட விதி. 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ஆம் தேதி தமது தொண்ணூறாம் வயதில் அவர் உயிர் நீத்தபோது, அவ்விதியைக் கற்ற தாதியர் பல தேசத்து வைத்தியசாலைகளில் தலைமை பூண்டிருந்தனர்.