யார் இந்த உமா மகேஸ்வரன்? பாண்டி பஜார் துப்பாக்கிச் சத்தம் முதல் கும்மிடிப்பூண்டி கைது வரை

சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் தினமும் ஆயிரக்கணக்கானோர் போய் வருகிறார்கள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று போகும் அந்த லைனில் கடைசி முக்கிய ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டி. 1982 மே 25 அன்று, இலங்கை அரசு வலைவீசித் தேடிக்கொண்டிருந்த ஒருவர் தமிழ்நாடு போலீஸிடம் சிக்கியது இந்த ரயில் நிலையத்தில்தான்.

அவர் பெயர் உமா மகேஸ்வரன். இயக்கப் பெயர் முகுந்தன். இன்றைய தலைமுறைக்கு அதிகம் தெரியாத பெயர். ஆனால் பொது இடத்தில் துப்பாக்கியைப் பார்த்தால் தமிழ்நாட்டு மக்கள் என்ன செய்வார்கள், அரசு என்ன செய்யும் என்ற கேள்வி முதன்முதலில் பெரிதாக எழுந்தது அவரைச் சுற்றித்தான்.

நில அளவையாளர் டூ இயக்கத் தலைவர்

1945ல் பிறந்த உமா மகேஸ்வரன், இலங்கை அரசுப் பணியில் நில அளவையாளராக, அதாவது சர்வேயராக இருந்தவர். கொழும்பில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் இளைஞர் பிரிவில் தீவிரமாகச் செயல்பட்டார். அங்கிருந்து விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போனார். 1977ல் அதன் தலைவர் பொறுப்புக்கு வந்தார். ராணுவப் பொறுப்பு பிரபாகரனிடம் இருந்தது. மேற்காசியாவில் பாலஸ்தீன அமைப்பிடம் ஆயுதப் பயிற்சி பெற்ற ஆரம்பகால ஈழப் போராளிகளில் இவரும் ஒருவர்.

இந்தக் கூட்டணி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. இயக்க விதிகளை மீறி ஒரு பெண் உறுப்பினருடன் பழகினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1980ல் இயக்கம் உடைந்தது. தனியாகப் பிரிந்த உமா மகேஸ்வரன் 'புளொட்' என்று அழைக்கப்படும் தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தைத் தொடங்கினார். 1982 ஜனவரியில் புளொட்டின் முக்கிய உறுப்பினர் சுந்தரம் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். பழி புலிகள் மீது விழ, பகை முற்றியது.

பாண்டி பஜாரில் என்ன நடந்தது?

1982 மே 19, இரவு நேரம். தி.நகர் பாண்டி பஜாரில் கூட்டத்துக்கு என்றைக்கும் குறைவில்லை. ஒரு பக்கம் பிரபாகரனும் ராகவனும். இன்னொரு பக்கம் உமா மகேஸ்வரனும், கண்ணன் என்ற ஜோதீஸ்வரனும். எதிரெதிரே பார்த்துக்கொண்ட நொடியில் துப்பாக்கி வெடித்தது. ஜோதீஸ்வரன் குண்டடிபட்டு விழுந்தார். உமா மகேஸ்வரன் காயமின்றித் தப்பினார்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம். சுட்டவர்கள் யார், எந்த இயக்கம், என்ன அரசியல் என்று அங்கே இருந்த மக்களுக்குத் தெரியாது. கையில் துப்பாக்கி, ரோட்டில் ரத்தம்; அவ்வளவுதான் அவர்கள் பார்த்தது. ஆனாலும் ஓடியவர்களை மக்களும் போலீஸும் சேர்ந்து துரத்திப் பிடித்தார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் பிரபாகரன் என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது.

தப்பிய உமா மகேஸ்வரனுக்காகத் தேடுதல் வேட்டை நடந்தது. ஆறே நாளில், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் அவரும் மாட்டினார்.

கைதுக்குப் பிறகு மாறிய காற்று

இலங்கை அரசு இருவரையும் ஒப்படைக்கச் சொன்னது. அந்நாட்டு போலீஸ் தலைவர் ருத்ரா ராஜசிங்கம் சென்னைக்கே வந்தார். ஆனால் தமிழ்நாட்டின் மனநிலை வேறாக இருந்தது. பழ.நெடுமாறன் முயற்சியில் கட்சிகள் ஒன்றுகூடி, நாடு கடத்தக் கூடாது என்று குரல் கொடுத்தன. எம்.ஜி.ஆர் ஆட்சியும் ஒப்படைப்பதற்கு ஆதரவாக இல்லை. ஆகஸ்ட் மாதம் நிபந்தனை ஜாமீன் கிடைத்தது.

அதாவது, தெருவில் இருந்த மக்கள் துப்பாக்கியைப் பார்த்தார்கள். போலீஸில் பிடித்துக் கொடுத்தார்கள். அரசியல் களம் துப்பாக்கிக்குப் பின்னால் இருந்த காரணத்தைப் பார்த்தது; விட்டுவிடச் சொன்னது.

துறைமுகத்தில் சிக்கிய கன்டெய்னர்

1983 ஜூலை இனப்படுகொலைக்குப் பிறகு எல்லாம் தலைகீழானது. அகதிகள் படகுகளில் வந்தார்கள். இயக்கங்களுக்கு இந்திய மண்ணிலேயே பயிற்சி கிடைத்தது. தஞ்சை ஒரத்தநாடு பகுதியில் புளொட் முகாம்கள் முளைத்தன. ஆள்பலத்தில் அன்றைய பெரிய இயக்கங்களில் ஒன்றாக புளொட் வளர்ந்தது.

ஆள் இருந்தார்கள், ஆயுதம் போதவில்லை. வெளிநாட்டில் வாங்கிய ஆயுதங்கள் கன்டெய்னரில் சென்னை துறைமுகத்துக்கு வந்தபோது அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். உமா மகேஸ்வரனுக்கு அது பெரிய அடி. பயிற்சி முடித்தும் சண்டைக்குப் போக முடியாத இளைஞர்கள் முகாமிலேயே முடங்கினார்கள். அதிருப்தி வளர்ந்தது. கேள்வி கேட்டவர்கள் முகாம்களில் சித்திரவதை செய்யப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். அந்த இயக்கத்தில் இருந்து வெளியேறியவர்கள் அனுபவத்தில் பிறந்ததுதான் 1985ல் கோவிந்தன் என்ற பெயரில் வெளியான 'புதியதோர் உலகம்' நாவல். உமா மகேஸ்வரன் வாழ்க்கையில் ஆதரவாளர்களாலும் மறைக்க முடியாத கறை இது.

1986 தீபாவளி: பொறுமை உடைந்த நாள்

துப்பாக்கி ஏந்திய இளைஞர்கள் தமிழ்நாட்டில் சகஜமாகிவிட்ட காலம். 1986 நவம்பர் 1, தீபாவளி நாள். சூளைமேட்டில் ஈ.பி.ஆர்.எல்.எஃப் இயக்கத்தினருக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் தகராறு. துப்பாக்கிச் சூட்டில் உள்ளூர் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மக்கள் கொந்தளித்தார்கள். பின்னாளில் இலங்கை அமைச்சரான டக்ளஸ் தேவானந்தா உள்ளிட்டோர் கைதானார்கள்.

உமா மகேஸ்வரனுக்கும் அந்தச் சம்பவத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் விளைவு எல்லா இயக்கங்களையும் தாக்கியது. ஒரே வாரத்தில், நவம்பர் 8 அன்று, தமிழ்நாடு போலீஸ் மாநிலம் முழுக்க இயக்க அலுவலகங்களிலும் முகாம்களிலும் புகுந்து ஆயுதங்களைப் பறிமுதல் செய்தது. பெங்களூருவில் சார்க் மாநாடு நடக்கவிருந்த நேரம் அது என்பதும் ஒரு காரணம்.

மாலத்தீவும் மரணமும்

1988 நவம்பர் 3. மாலத்தீவு அதிபர் மௌமூன் அப்துல் கயூமின் ஆட்சியைக் கவிழ்க்க சுமார் 80 பேர் தலைநகர் மாலேயில் இறங்கினார்கள். அவர்கள் புளொட் ஆட்கள். அன்று இரவே இந்திய ராணுவம் விமானத்தில் போய் இறங்கி அந்த முயற்சியை முறியடித்தது. ஈழத்துக்காகத் தொடங்கிய இயக்கம், அடுத்த நாட்டு ஆட்சிக்கவிழ்ப்புக்கு ஆள் அனுப்பிய இடத்தில் வந்து நின்றது.

1989 ஜூலை 16 அன்று கொழும்பில் உமா மகேஸ்வரன் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 44. சுட்டது அவர் இயக்கத்தைச் சேர்ந்தவர்களே என்று சொல்லப்படுகிறது. மூன்று நாட்களுக்கு முன்புதான் அதே நகரத்தில் அமிர்தலிங்கம் கொல்லப்பட்டிருந்தார்.

விலை கொடுத்தது யார்?

1990ல் கோடம்பாக்கத்தில் பத்மநாபா கொலை. 1991ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. இதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத அகதிகள் மீதும் சந்தேகப் பார்வை விழுந்தது. இலங்கைத் தமிழில் பேசினாலே வீடு கிடைப்பது கஷ்டம் என்ற நிலை. அதே கும்மிடிப்பூண்டியில் இன்றும் பெரிய இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021ல் பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. ஆனால் கண்காணிப்பு முழுசாக விலகவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். லைசென்ஸ் இருந்தாலும் பொது இடத்தில் எடுத்து ஆட்டிக் காட்டக் கூடாது. அமெரிக்காவின் பல மாகாணங்களில் துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துப் போகலாம். அங்கே போலீஸுக்கு போன் போட்டாலும், துப்பாக்கி வைத்திருப்பவர் குற்றம் ஏதும் செய்யாதவராக இருக்கலாம். இங்கே அந்தக் குழப்பம் இல்லை. துப்பாக்கியோடு யாராவது திரிந்தால் 112க்கு அழைக்கலாம்.

ஆனா, முகம் தெரியாத ஒருவர் தெருவில் நிற்பது குற்றம் இல்லை. 2018ல் வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து, பழவேற்காட்டில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டு பாலத்தில் தொங்கவிடப்பட்டார். அவர் கையில் எந்த ஆயுதமும் இல்லை. கும்மிடிப்பூண்டியில் இருந்து அந்த ஊர் அதிக தூரமில்லை.

1982ல் பாண்டி பஜார் மக்கள் பார்த்தது ஒரு செயலை. 2018ல் பழவேற்காட்டில் பார்த்தது ஒரு முகத்தை மட்டும். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் இன்று வெளி மாநிலத் தொழிலாளர்கள் ஏராளமாக வேலை பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் போலீஸைக் கூப்பிடலாம், தப்பே இல்லை. கூப்பிடும் முன், அந்த ஆள் என்ன செய்தார் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கூப்பிடுங்கள்.